சேலை கட்டி வாசலில் நின்றவர்கள்



மறியல் என்று சொன்னால் நமக்கு உடனே என்ன ஞாபகம் வரும்? குடிதண்ணீர் வரவில்லை என்று காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து பஸ்ஸை நிறுத்துவதுதான். நம்மில் பலர் அப்படி உட்கார்ந்தும் இருப்போம். தொழிற்சங்கத்துக்காரர்கள் செய்கிற மறியல் ஒன்று இருக்கிறது. அது ஆலை வாசல் மறியல். இது கொஞ்சம் வேறு மாதிரி.

வேலைநிறுத்தம் செய்தவர்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே தினமும் நிற்பார்கள். கோரிக்கை எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார்கள். உள்ளே வேலைக்குப் போகிறவரிடம், "நீங்களும் எங்களோட வாங்க" என்று கேட்பார்கள். சரக்கு கொண்டுவரும் டிரைவரிடம், "எங்களுக்காக லோடை இறக்காமத் திரும்பிப் போங்க" என்று கேட்பார்கள். அடிப்பதும் கதவை உடைப்பதும் இதில் இல்லை. கேட்பதுதான் வேலை. நிற்பவர்களைத் தாண்டி உள்ளே போவதைத் தொழிற்சங்கக் குடும்பங்களில் பெரிய அவமானமாக நினைப்பார்கள். அப்படிப் போகிறவரைத்தான் கருங்காலி என்கிறோம்.

குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது நீங்கள் கேட்கிற ஒரு கேள்வி உண்டு. "ஒத்துமை ஒத்துமைன்னு சொல்றீங்களே, நம்ம கஷ்டத்துக்கு வெளியாள் எதுக்கு வந்து நிப்பாங்க? நின்னா அவங்களுக்கு என்ன லாபம்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாக, லண்டனில் நம் நாட்டுப் பெண்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் நடத்திய வாசல் மறியலைப் பற்றி இந்த இதழில் சொல்கிறோம். போராட்டம் ஜெயிக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

யார் இந்தப் பெண்கள்?

லண்டனின் வடமேற்கில் வில்லெஸ்டன் என்ற பகுதி. அங்கே கிரன்விக் என்று ஒரு கம்பெனி இருந்தது. அந்தக் காலத்தில் கேமராவில் பிலிம் ரோல் போட்டுப் படம் எடுப்பார்கள். எடுத்த ரோலைத் தபாலில் அனுப்பினால், கழுவி, பிரிண்ட் போட்டு, திரும்பவும் தபாலிலேயே அனுப்பி வைப்பார்கள். அதுதான் கம்பெனியின் தொழில்.

வேலை செய்தவர்களில் அதிகம் பேர் ஆசியப் பெண்கள். குறிப்பாக உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளிலிருந்து வந்த குஜராத்திக் குடும்பத்துப் பெண்கள். அங்கே கடை, உத்தியோகம் என்று ஓரளவு வசதியாக இருந்தவர்கள். 1972இல் உகாண்டாவின் இடி அமீன் ஆசியர்களை நாட்டை விட்டே துரத்தினார். மற்ற நாடுகளிலும் நிலைமை சரியில்லாமல் போக, பலர் இங்கிலாந்துக்கு வந்தார்கள். புது ஊர், குளிர், வாடகை வீடு. கிடைத்த வேலையைச் செய்தாக வேண்டும்.

கிரன்விக்கில் வாரத்துக்கு 40 மணி நேரம் வேலை செய்தால் 28 பவுண்டு சம்பளம். அதே சமயம் லண்டனில் உடலுழைப்பு வேலை செய்த ஒரு பெண்ணின் சராசரி வாரச் சம்பளம் 44 பவுண்டு. நாட்டின் பொதுவான சராசரி 72 பவுண்டு. ஓவர்டைம் கட்டாயம். பாத்ரூம் போகக்கூடக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். மேனேஜர் கண்ணாடி அறையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பார். சம்பளத்தை விட இந்த அவமானம்தான் அதிகம் வலித்தது என்று அந்தப் பெண்கள் பின்னாளில் சொன்னார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை

1976ஆம் வருஷம் இங்கிலாந்தில் கடுமையான வெயில். கோடை விடுமுறைக்குப் போனவர்கள் எடுத்த படங்களெல்லாம் வந்து குவியும் காலமும் அதுதான். ஆகஸ்ட் 20, வெள்ளிக்கிழமை. வேலையை மெதுவாகச் செய்தார் என்று ஒரு இளைஞரை நீக்கினார்கள். அவருக்காக இன்னும் மூன்று பேர் வெளியே நடந்தார்கள்.

அன்று சாயங்காலம் ஜெயாபென் தேசாய் வீட்டுக்குக் கிளம்பக் கோட்டை எடுத்து மாட்டினார். 'பென்' என்றால் குஜராத்தியில் சகோதரி. அப்போது அவருக்கு 43 வயது. ஐந்தடிக்கும் குறைவான உயரம். ஓவர்டைம் இருக்கிறது, போகக் கூடாது என்றார்கள். வாக்குவாதம் வந்தது. அவர் மேனேஜரிடம் சொன்னது பிறகு நாடு முழுக்கப் பேசப்பட்டது. நீங்கள் நடத்துவது தொழிற்சாலை இல்லை, மிருகக்காட்சி சாலை. இங்கே உங்கள் விரலுக்கு ஆடும் குரங்குகளும் உண்டு, தலையைக் கடித்துவிடும் சிங்கங்களும் உண்டு. நாங்கள் சிங்கங்கள். இதுதான் அவர் சொன்னதன் சாரம். சொல்லிவிட்டு, அங்கேயே வேலை செய்த மகன் சுனிலோடு வெளியே வந்துவிட்டார்.

அந்தப் பெண்கள் யாரும் சங்கத்தில் இல்லை. எப்படிச் சேர்வது என்றுகூடத் தெரியாது. விசாரித்துத் தெரிந்துகொண்டு அபெக்ஸ் என்ற சங்கத்தில் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை வாசலில் அட்டையோடு நின்றார்கள். உள்ளே இருந்தவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஏறக்குறைய 490 பேரில் 137 பேர் வேலைநிறுத்தத்தில் சேர்ந்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கம்பெனி அவர்கள் அத்தனை பேரையும் வேலையை விட்டு நீக்கியது.

அவர்கள் கேட்டது இரண்டுதான். எங்களைத் திரும்ப வேலைக்கு எடுங்கள். எங்கள் சங்கத்தை அங்கீகரித்துப் பேசுங்கள்.

வீட்டு வாசலிலும் ஒரு மறியல்

கம்பெனி வாசலில் நிற்பதைவிட வீட்டு வாசலைத் தாண்டி வருவது சில பெண்களுக்குக் கஷ்டமாக இருந்தது. "நம்ம வீட்டுப் பொம்பளை ரோட்டுல போலீசு முன்னால நிக்கிறதா?" என்று அப்பாவோ, வீட்டுக்காரரோ, மாமனாரோ தடுத்தார்கள். ஜெயாபென் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களிடம் பேசினார். நம் குழுக்களில் புது உறுப்பினரைச் சேர்க்க அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாம் பேசுவதில்லையா? அதே வேலைதான்.

மழை, குளிர் எல்லாவற்றிலும் சேலையின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களைத் தாண்டி வேன்களிலும் பஸ்களிலும் ஆட்களை உள்ளே கொண்டுபோனார்கள். அப்படிப் போனவர்களிலும் ஆசியப் பெண்கள் பலர் இருந்தார்கள். நேற்று வரை பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த அதே முகங்கள். ஒரு விஷயத்தையும் கவனியுங்கள். வேலைநிறுத்தம் நடக்கும்போதே உள்ளே இருந்தவர்களுக்குக் கம்பெனி சம்பளத்தை உயர்த்தியது. வெளியே நின்றவர்களின் போராட்டத்துக்குப் பலன் முதலில் போய்ச் சேர்ந்தது உள்ளே போனவர்களுக்குத்தான்.

வெளியாட்கள் எப்படி வந்தார்கள்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறோம்.

இந்தப் பெண்கள் வாசலில் நின்றதோடு விடவில்லை. நாடு முழுக்க நூற்றுக்கணக்கான வேலை இடங்களுக்குப் போனார்கள். சுரங்கம், இன்ஜினியரிங் ஆலை என்று ஆண்கள் கூடும் இடங்களில் ஏறி நின்று, தெரிந்த இங்கிலீஷில் தங்கள் கதையைச் சொன்னார்கள். யாரும் தானாக வந்துவிடவில்லை. இவர்கள் போய்க் கேட்டார்கள், அதனால் வந்தார்கள்.

அந்த ஊரின் பழைய நிலைமையையும் சொல்ல வேண்டும். 1968இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள், வெளிநாட்டவர் வரக் கூடாது என்று பேசிய அரசியல்வாதிக்கு ஆதரவாக ஊர்வலம் போனவர்கள். 1974இல் லெஸ்டர் நகரில் இம்பீரியல் டைப்ரைட்டர்ஸ் ஆலையில் ஆசியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய சங்கமே கைகொடுக்கவில்லை. "அவங்க வேற, நாம வேற" என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது.

அப்படிப்பட்ட நாட்டில்தான் 1977 ஜூன் 13இல் கிரன்விக் வாசலில் பெரிய மறியல் தொடங்கியது. முதல் நாளே 84 பேர் கைதானார்கள். ஜூலை 11 அன்று ஏறக்குறைய 20,000 பேர் கூடினார்கள். யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் ஆர்தர் ஸ்கார்கில் தலைமையில் வந்தார்கள். 1968இல் எதிராக ஊர்வலம் போன துறைமுகத் தொழிலாளர்களும் இந்த முறை தங்கள் சங்கப் பேனரோடு இந்தப் பெண்களுக்காக வந்தார்கள். ஒன்பதே வருஷத்தில் இந்த மாற்றம். போராட்டம் முடிவதற்குள் மொத்தம் 550 பேருக்கு மேல் கைது செய்யப்பட்டார்கள்.

தபால்காரர்கள் செய்த உதவி

கூட்டம் கூடுவது ஒரு உதவி. சரியான இடத்தில் கை கொடுப்பது இன்னொரு உதவி. கிரன்விக்குக்கு உயிர்நாடி தபால். ரோல் வருவதும் தபாலில், படம் போவதும் தபாலில். பக்கத்தில் இருந்த கிரிக்கிள்வுட் தபால் நிலையத்துத் தொழிலாளர்கள், "இந்தக் கம்பெனித் தபாலை நாங்க தொட மாட்டோம்" என்று சொன்னார்கள். முதலில் 1976 நவம்பரில் சில நாட்கள். கோர்ட் வழக்கு வந்ததும் அவர்கள் சங்கம் பின்வாங்கியது. 1977 ஜூனில் அதே தொழிலாளர்கள் மறுபடியும் தபாலை நிறுத்தினார்கள்.

அந்த நாட்டுச் சட்டப்படி தபாலைத் தடுத்து வைப்பது குற்றம். நிர்வாகம் அவர்களை சஸ்பெண்ட் செய்தது. சில வாரங்கள் சம்பளம் இல்லை. அந்தத் தபால்காரர்களுக்குக் கிரன்விக்கில் வேலையும் கிடையாது, அந்தப் பெண்களோடு உறவும் கிடையாது. நின்றால் லாபம் என்ன என்று கேட்டோமே, அவர்களுக்குக் கையிலிருந்து போனதுதான் மிச்சம். ஆனால் நாளைக்கு நமக்கு இப்படி ஒரு நிலைமை வந்தால் நான்கு பேர் நிற்க வேண்டும் அல்லவா, அதற்கான சேமிப்பு இது. நாம் வாராவாரம் சந்தா கட்டுகிறோம். கட்டும் அன்றைக்கே கடன் கேட்பதில்லை. அது மாதிரிதான்.

கம்பெனியை ஆதரித்த ஒரு அமைப்பு, தேங்கிக் கிடந்த தபால் மூட்டைகளை ராத்திரியில் லாரியில் ஏற்றி, வேறு வேறு ஊர்களில் கொண்டுபோய்ப் போட்டது. மேல்மட்டச் சங்கத் தலைவர்கள் நெருக்கிப் பிடித்ததால், ஜூலை கடைசியில் தபால்காரர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அதோடு போராட்டத்தின் பலமான கை விழுந்துவிட்டது.

முழங்கையில் தடவிய தேன்

1977 ஆகஸ்டில் அரசு அமைத்த விசாரணைக் குழு, இவர்களைத் திரும்ப வேலைக்கு எடுக்கலாம், சங்கத்தையும் அங்கீகரிக்கலாம் என்று சொன்னது. முதலாளி கேட்கவில்லை. சங்க அங்கீகாரத்துக்கு ஆதரவாக வந்திருந்த இன்னொரு அரசு அமைப்பின் பரிந்துரையையும் 1977 டிசம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை செல்லாது என்றது.

அதற்குள் பெரிய தலைவர்கள் மெல்ல ஒதுங்கிவிட்டார்கள். 1977 நவம்பரில் ஜெயாபென்னும் இன்னும் மூன்று பேரும் தொழிற்சங்கங்களின் தலைமை அலுவலக வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். அதற்காக அவர்களுடைய சொந்தச் சங்கமே அவர்களைத் தற்காலிகமாக நீக்கி வைத்தது. தலைவர்களின் ஆதரவு முழங்கையில் தடவிய தேன் மாதிரி என்றார் ஜெயாபென். கண்ணுக்குத் தெரியும், வாசனையும் வரும், நாக்குக்கு மட்டும் எட்டாது.

1978 ஜூலை 14இல் போராட்டம் முடிந்தது. நீக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

பிறகு என்ன மிச்சம்?

அதன் பிறகு அந்த நாட்டில் சட்டங்கள் கடுமையாகின. ஒரு கம்பெனித் தொழிலாளிக்காக இன்னொரு கம்பெனித் தொழிலாளி வேலையை நிறுத்துவதைத் தடுத்தார்கள். வாசலில் ஆறு பேருக்கு மேல் நிற்க வேண்டாம் என்று 1980இல் அரசு வழிகாட்டுதல் வந்தது. 20,000 பேர் எங்கே, 6 பேர் எங்கே! தபால்காரர்கள் செய்த மாதிரி உதவி எவ்வளவு பலமானது என்பது இந்தச் சட்டங்களைப் பார்த்தாலே தெரிகிறது.

ஆனால் ஒன்று திரும்பிப் போகவில்லை. "ஆசியப் பெண்கள் அடக்கமானவங்க, சங்கத்துக்கு வர மாட்டாங்க" என்று அதன் பிறகு யாரும் சொல்ல முடியவில்லை. அவர்களை இங்கிலாந்தின் தொழிலாளர் இயக்கம் தன் ஆட்களாகப் பார்க்கத் தொடங்கியது. 2017இல் அந்தப் பகுதியில் இவர்களின் நினைவாகச் சுவரோவியம் வரைந்து திறந்தார்கள்.

ஜெயாபென் பிறகு தையல் ஆசிரியையாக வேலை பார்த்தார். 60 வயதில் கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கினார். எங்களை உடைக்கப் பார்த்தார்கள், நாங்கள் உடையவில்லை, செய்ததில் எனக்குப் பெருமைதான் என்று கடைசிக் காலத்திலும் சொன்னார். 2010 டிசம்பரில் காலமானார்.

நம் குழு தொழிற்சங்கம் இல்லை. இரண்டுக்கும் வேலை வேறு. ஆனால் நம் உறுப்பினர்களில் பலர் மில்லுக்கும் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள். நியாயம் கேட்டதற்காக அவர்களில் ஒருவருக்கு வேலை போனால், அடுத்த கூட்டத்தில் அவரிடம் தவணையை மட்டும் கேட்கப் போகிறோமா, என்ன நடந்தது என்றும் கேட்கப் போகிறோமா?

உங்கள் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. நம் உறுப்பினர் ஒருவருக்கு வேலை இடத்தில் அவமானம் நடந்தால், முதலில் யாரிடம் சொல்வார்? குழுவில் சொல்லும் தைரியம் இருக்கிறதா?

2. ஜெயாபென் மாதிரி வீடு வீடாகப் போய்ப் பேசக்கூடியவர் நம் குழுவில் யார்?

3. தபால்காரர்கள் தங்களால் முடிந்த இடத்தில் கை கொடுத்தார்கள். அடுத்த குழுவுக்கு ஒரு கஷ்டம் என்றால் நம்மால் எந்த இடத்தில் கை கொடுக்க முடியும்?

4. வேற தெரு, வேற சாதி என்று நாம் இதுவரை போய் நிற்காத வாசல் எது?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று இல்லை. பேசினாலே போதும். பேசியதில் மற்ற குழுக்களுக்கும் பயன்படும் விஷயம் இருந்தால், ஊக்குநர் மூலமாகக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த இதழில் போடுகிறோம்.