சார்ஜ் இருக்கு, போன் ஏன் அணையுது?

வைகை அணைப் பூங்காவுக்குச் சுற்றுலா வரும் கூட்டத்தில் யாராவது ஒருவர் இப்படிப் புலம்புவது காதில் விழும்: "போட்டோ எடுக்கப் போனா போதும், போன் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது!" சார்ஜ் 40 சதவீதம் இருக்கும். பிறகு ஏன் அணைகிறது?

எதிரே இருக்கும் அணையையே பாருங்கள். 1959-இல் திறக்கப்பட்டது. முழு நீர்மட்டம் 71 அடி. நல்ல மழை பெய்தால் இன்றும் 71-ஐத் தொடும். ஆனால் இத்தனை வருடமாக ஆறு கொண்டுவந்த வண்டல் அடியில் படிந்து கிடக்கிறதே! அன்றைய 71 அடியில் நின்ற அளவு தண்ணீர் இன்றைய 71 அடியில் நிற்காது. பழைய பேட்டரி காட்டும் 100 சதவீதமும் இப்படித்தான்.

ஒப்புமை அவ்வளவுதான். பேட்டரிக்கு வேறொரு தொல்லையும் உண்டு. வயதாக ஆக, அதன் உள்ளேயே மின்தடை கூடிக்கொண்டு போகும். முழு சார்ஜில் சுமார் 4.2 வோல்ட் தரும் லித்தியம் அயனி பேட்டரியிடம் கேமரா, ஃப்ளாஷ், திரை எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரம் கேட்டால் என்ன ஆகும்? உள்தடை அதிகமாக இருப்பதால் மின்னழுத்தம் சட்டென்று சரியும். டவர் தூரமாக இருந்தால் சிக்னலுக்கும் கூடுதல் மின்சாரம் வேண்டும். மேகமலைக் குளிரில் உள்தடை இன்னும் ஏறும். மின்னழுத்தம் ரொம்பக் குறைந்தால் போனின் பிராசஸர் தப்புத்தப்பாகக் கணக்குப் போடத் தொடங்கும். அதற்கு முன்பே போனுக்குள் இருக்கும் காவல் சுற்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. சுமை போனதும் மின்னழுத்தம் மறுபடி ஏறும், போனும் எழுந்துகொள்ளும். ஆக, அணைந்தது ஒரு தற்காப்பு!

2016-இல் சில ஐபோன்கள் சார்ஜ் இருக்கும்போதே அணைந்தன. அதைத் தடுக்க, அடுத்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ஒரு மென்பொருள் அனுப்பி, பழைய பேட்டரி உள்ள போன்களின் வேகத்தைக் குறைத்தது. முதலில் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. வாங்கியவர்கள் கொதித்தார்கள். நியாயமான கோபம்தான். கடைசியில் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தார்கள்.

எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போடவும் முடியாது. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து குறுஞ்செய்தியில் வந்ததும் ஐபோன்கள் தடுமாறின. அந்த எழுத்தை வரையும் மென்பொருளில் பிழை. சில நாளில் திருத்தம் வந்தது.

உங்கள் வீட்டுப் போனில் எது கோளாறு? முதலில் படங்களை வேறிடத்தில் சேமித்துவிடுங்கள். சார்ஜரில் மாட்டியிருக்கும்போது ஒழுங்காக ஓடி, கழற்றியதும் அணைந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். ஆண்ட்ராய்டில் 'சேஃப் மோட்' என்று ஒன்று உண்டு. நாம் பிறகு ஏற்றிய செயலிகள் (ஆப்) அதில் ஓடாது. அப்போது தொல்லை நின்றால், குற்றவாளி அந்தச் செயலிகளில் ஒன்று. பின்பக்கம் உப்பியிருந்தால் மட்டும் சோதனை எதுவும் வேண்டாம். அழுத்தாமல், குத்தாமல், சார்ஜும் போடாமல் பெரியவர்களிடம் கொடுத்து, பழுதுபார்க்கும் கடைக்கு அனுப்புங்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, தீப்பிடிக்கலாம்.