டாங்கியின் உண்மையான விலை

சிவகாசி அச்சக முதலாளி பழைய ஜெர்மன் அச்சு இயந்திரத்துக்கு விலை பேசும்போது, உதிரிபாகம் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் உண்டா என்றும் விசாரிப்பார். கையில் அளவாகப் பணம் வைத்திருக்கும் நாடு டாங்கி வாங்கும்போதும் இதே கேள்விகள்தான்.

இந்தியாவையே எடுத்துக்கொள்வோம். காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில், 1961இல், ஆவடியில் மத்திய அரசின் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பில் உருவான விஜயந்தா டாங்கி 1965இல் அங்கிருந்து வெளிவந்தது. பின்னர் சோவியத் டி-72, ரஷ்ய டி-90, நம் பொறியாளர்கள் வடிவமைத்த அர்ஜுன் ஆகியவையும் அங்கே தயாராயின.

டாங்கியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது எடையை. டி-90 ஏறக்குறைய 46 டன். பீரங்கிக்குள் குண்டை இயந்திரமே ஏற்றிவிடுவதால் 3 வீரர்கள் போதும். வண்டி சிறியது, கவசத்தால் மூடவேண்டிய பரப்பும் குறைவு. அர்ஜுனில் குண்டு ஏற்ற நான்காவது வீரர் உண்டு. உள்ளே இடம் அதிகம், கவசமும் கனம். அதன் புதிய வடிவமான மார்க்-1ஏ சுமார் 68 டன். எடை கூடக்கூட எஞ்சின் பெரிதாக வேண்டும். பாலமும் ரயில் வேகனும் டிரெய்லரும் அதைத் தாங்க வேண்டும். இந்தச் செலவெல்லாம் டாங்கியின் விலையில் சேராது. லடாக் மலைப்பகுதிக்காக 25 டன்னில் ஜோராவர் என்ற இலகு டாங்கியை உருவாக்குவது எடையின் இந்தச் சிக்கலால்தான்.

அடுத்தது, புதிதாக வாங்குவதா, இருப்பதைப் புதுப்பிப்பதா என்பது. 2021இல் 118 அர்ஜுன் டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாயில் ஆணை தரப்பட்டது. ஒன்றுக்கு ஏறத்தாழ 64 கோடி. டி-72க்கு வேறு வழி. அதன் 780 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக 1,000 குதிரைத்திறன் எஞ்சின் பொருத்த, 2025 மார்ச்சில் ரஷ்யாவுடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த எஞ்சினைச் செய்யும் தொழில்நுட்பத்தை ஆவடிக்குத் தருவதும் அதில் அடக்கம்.

அந்தக் கடைசி அம்சமே முக்கியம். அர்ஜுன் நம் வடிவமைப்பே ஆனாலும் அதன் எஞ்சின் ஜெர்மனியிலிருந்து வரவேண்டியிருக்கிறது. உள்நாட்டில் உருவான 1,500 குதிரைத்திறன் எஞ்சின் 2024 மார்ச்சில்தான் மைசூருவில் முதன்முதலாக இயக்கிப் பார்க்கப்பட்டது.

டாங்கி முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைக்க வேண்டியது. அத்தனை காலமும் எஞ்சினுக்காக இன்னொரு நாட்டின் தயவை எதிர்பார்க்க நேர்ந்தால், மலிவாக வாங்கிய டாங்கியும் விலை உயர்ந்ததாகிவிடும். பட்ஜெட் சிறிதாக இருக்கும் நாடு முதலில் பணம் போடவேண்டியது எஞ்சின் ஆய்வில்தான்.