தேடுவோர் கண்ணில் படும் பெயர்ப்பலகை

புணே நகரின் சதாசிவப் பேட்டை, நாராயணப் பேட்டை முதலிய பழைய பகுதிகளில் நடந்து செல்வோர், அங்குள்ள அறிவிப்புப் பலகைகளைக் கண்டு புன்னகைக்காமல் இருப்பது அரிது. ‘புணேரி பாட்யா’ என்று மராத்தியர் பெருமையுடன் குறிப்பிடும் இப்பலகைகள், வருபவர் என்ன கேட்பார் என்பதை முன்கூட்டியே ஊகித்து, சற்றுக் காரமாகவே விடை சொல்லிவிடும். பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரை கடை திறந்திராது என்னும் அறிவிப்பு நகைச்சுவைத் துணுக்குகளில் இடம்பெறும் அளவுக்குப் புகழ்பெற்றது. சொல்லில் காரம் இருந்தாலும் அதில் ஒரு நன்மை உண்டு. வாடிக்கையாளர் வெயிலில் வந்து ஏமாந்து திரும்ப வேண்டியதில்லை.

இன்று அந்தப் பலகை கைப்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்துள்ளது. புணே மாநகராட்சியுடன் 2017-இல் 11 கிராமங்களும் 2021-இல் 23 கிராமங்களும் இணைக்கப்பட்டன. ஹிஞ்சவடி, கராடி போன்ற இடங்களுக்குப் பணி நிமித்தம் குடிவந்தோருக்கு, நல்ல குழாய்ப் பழுதுபார்ப்பவர் யார் என்று கேட்க அடுத்த வீட்டாரின் பழக்கம் இன்னும் ஏற்பட்டிராது. அவர்கள் கைப்பேசியில் தேடுகின்றனர். முதலில் தென்படும் இரண்டு மூன்று பெயர்களில் ஒருவரை அழைக்கின்றனர். இருபது ஆண்டுத் தொழில்திறன் உடையவரானாலும், அந்தப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் அவருக்கு அந்த வேலை கிடைப்பதில்லை.

வரிசையை முடிவு செய்வது எது?

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் உள்ளூர்த் தொழில்களைக் காட்டும்போது மூன்று கூறுகள் கருதப்படுகின்றன என்று அந்நிறுவனமே தெரிவிக்கிறது. தேடும் பொருளுக்கும் தொழிலுக்கும் உள்ள பொருத்தம் முதலாவது. தேடுபவர் இருக்கும் இடத்திலிருந்து உள்ள தொலைவு இரண்டாவது. அத்தொழில் எந்த அளவுக்கு அறியப்பட்டுள்ளது என்பது மூன்றாவது. கட்டண விளம்பரங்கள் தனியே காட்டப்படுகின்றன. இந்த இயல்பான வரிசையில் பணம் கொடுத்து இடம் வாங்க இயலாது. ஆகவே, அடுத்த தெருவில் இருக்கும் சிறு தொழில்முனைவோருக்குப் பெரிய நிறுவனத்துடன் போட்டியிட நியாயமான வாய்ப்பு இங்கு உண்டு.

தொலைவை நாம் மாற்ற இயலாது. பொருத்தம் நம் கையில் உள்ளது. ஹடப்சரில் துணி துவைக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவர், தம் தொழில் வகையை ‘மின்சாதனக் கடை’ என்று பதிந்திருந்தால், பழுதுபார்ப்பவரைத் தேடுவோருக்கு அவர் பெயர் எளிதில் தென்படாது. வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், செய்யும் பணிகளை ஒவ்வொன்றாகக் குறிப்பிடுவதும் சில நிமிட வேலை. அதற்குரிய ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. கடை இன்றி வாடிக்கையாளர் இல்லத்துக்கே சென்று பணிபுரிவோர், தம் வீட்டு முகவரியை மறைத்து, சேவை அளிக்கும் பகுதிகளை மட்டும் குறிப்பிடலாம்.

பணிநேரத்தைச் சரியாகப் பதிவது இன்றியமையாதது. பிற்பகலில் கடையை மூடும் வழக்கமுடையோர் அந்த இடைவேளையையும், கணேசோற்சவம், தீபாவளி போன்ற நாள்களின் விடுமுறையையும் பதிந்துவிட வேண்டும். ‘திறந்துள்ளது’ என்று திரையில் கண்டு வந்தவர் பூட்டிய கதவைக் கண்டால் மறுமுறை வரமாட்டார்.

எங்கும் ஒரே பெயர்

வங்கிப் பணியில் அடிக்கடி காணும் ஒரு குறையை இங்குக் குறிப்பிட வேண்டும். பெயர்ப்பலகையில் ஒரு பெயர், உத்யம் பதிவில் வேறொரு பெயர், நடப்புக் கணக்கில் உரிமையாளரின் சொந்தப் பெயர், வரைபடத்தில் நான்காவதாக ஒரு பெயர் என்று சிலர் வைத்துள்ளனர். கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்த முனையும் வாடிக்கையாளர், திரையில் அறியாத பெயரைக் கண்டதும் தயங்குகிறார். வரைபடப் பதிவைச் சரிபார்க்கும்போதும், காணொளி வழியே பெயர்ப்பலகையையும் தொழிலுக்குரிய சான்றுகளையும் காட்டுமாறு கேட்கப்படலாம். மகாராஷ்டிரத்தில் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி, சிறு கடைகளும் மராத்தியில் பெயர்ப்பலகை வைத்தல் வேண்டும். பலகையை மாற்றும்போது, ஏனைய ஆவணங்களிலும் அதே பெயர் உள்ளதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். ‘புணேயின் சிறந்த, மலிவான’ போன்ற அடைமொழிகளைப் பெயருடன் சேர்ப்பது கூகுள் விதிகளுக்கு முரணானது. பதிவு முடக்கப்படவும் கூடும்.

மதிப்புரைகள்

தொழில் எந்த அளவுக்கு அறியப்பட்டுள்ளது என்பதைக் கணிப்பதில் வாடிக்கையாளரின் மதிப்புரைகளுக்கு இடமுண்டு. வேலை முடிந்து, வாடிக்கையாளர் மனநிறைவுடன் இருக்கும் நேரத்தில் பணிவுடன் கேட்டால் பலர் மறுப்பதில்லை. உரிய இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தள்ளுபடியோ பணமோ தந்து மதிப்புரை பெறுவது விதிமீறலாகும். இணையவழி மதிப்புரைகளின் நம்பகத்தன்மைக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-இல் ‘ஐஎஸ் 19000’ என்னும் தரநிலையை வெளியிட்டுள்ளது. குறைகூறும் மதிப்புரைக்குச் சினமின்றி, இரண்டு வரிகளில் விடையளிப்பது, அதைப் படிக்கும் அடுத்த வாடிக்கையாளருக்கு நம்பிக்கை அளிக்கும்.

கவனிப்பாரற்ற பதிவு

உரிமை கோராமல் விடப்பட்ட பதிவு, பூட்டப்படாத கல்லாப்பெட்டிக்கு ஒப்பாகும். வரைபடத்தில் உள்ள தொலைபேசி எண்ணை மாற்றுமாறு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்க இயலும். 2018-இல், வரைபடத்தில் தம் கிளைகளுக்குரிய எண்களை மோசடிக்காரர்கள் மாற்றிவிட்டதாகப் பாங்க் ஆஃப் இந்தியா மகாராஷ்டிர சைபர் காவல்துறையிடம் புகார் அளித்தது. வங்கிக்கே நேர்ந்தது சிறு தொழிலுக்கும் நேரலாம். எனவே பதிவை உரிமையாளர் தம் பெயரில் சரிபார்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை எண்ணும் நேரமும் மாறாமல் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நிர்வாக உரிமையைப் பிறரிடம் முழுமையாக ஒப்படைக்கலாகாது.

‘கூகுளிலிருந்து பேசுகிறோம், கட்டணம் செலுத்தாவிடில் உங்கள் பதிவு நீக்கப்படும்’ என்றோ, ‘முதலிடம் உறுதி’ என்றோ அழைப்பு வந்தால் நம்ப வேண்டாம். சரிபார்ப்புக் குறியீட்டையோ ஓடிபியையோ எவரிடமும் கூறலாகாது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வங்கிக் கிளைக்கும் தெரிவிக்க வேண்டும்.

வரவுப் புத்தகத்தில் ஒரு பத்தி

முயற்சி பலன் தருகிறதா என்பதைக் கணக்கே சொல்லும். எத்தனை பேர் அழைத்தனர், எத்தனை பேர் வழி கேட்டனர் என்னும் விவரம் பதிவின் செயல்பாட்டுப் பகுதியில் காணக் கிடைக்கும். அத்துடன், அன்றாட வரவுப் புத்தகத்தில் ‘எவ்வாறு அறிந்தார்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கேட்டு எழுதி வருக. மூன்று மாதங்களில் தேடல் வழியே வந்த வருமானம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். விளம்பரத்துக்குச் செலவிடலாமா என்பதை அதன் பின்னரே முடிவு செய்யலாம். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை கடன் கிடைக்கிறது. அத்தொகையை ‘முதலிடம்’ விற்போரிடம் கொடுப்பதைவிட, ஒரு நல்ல கருவி வாங்குவதில் செலவிடுவதே மேல். கருவி நல்ல வேலையைத் தரும். நல்ல வேலை மதிப்புரையைத் தரும். அதற்கடுத்த அழைப்பு தானே வரும்.