வானிலிருந்து நீரை நோக்கும் கண்கள்

குளத்து நீர் பச்சையாக மாறினால், "பாசி படர்ந்துவிட்டது, குடிக்காதீர்கள்" என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நிறத்தைப் பார்த்து நீரின் நிலையை உணரும் இந்த எளிய அறிவே, இன்று சுமார் 700 முதல் 800 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் செயற்கைக் கோள்களின் வாயிலாகப் பெரும் பயன் தந்து வருகிறது.

நிறம் கூறும் செய்தி

கடலிலும் ஏரியிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்தாவரங்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. அவற்றிலுள்ள பச்சையம் சூரிய ஒளியின் நீல நிறத்தையும் சிவப்பு நிறத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. பச்சை நிறமே மிகுதியாகத் திரும்பி வருகிறது. வண்டல் கலந்த நீரோ பழுப்பாகத் தோன்றும். இந்த வேறுபாடுகளை அளந்தறியும் கருவி 1978ஆம் ஆண்டு அமெரிக்காவின் நிம்பஸ்-7 செயற்கைக் கோளில் முதன்முதலாக அனுப்பப்பட்டது. இந்தியா 1999 மே 26 அன்று ஓஷன்சாட்-1 செயற்கைக் கோளை ஏவியது. அவ்வரிசையில் மூன்றாவது, 2022 நவம்பர் 26 அன்று விண்ணை அடைந்தது.

மீனவருக்கு வழிகாட்டி

நுண்தாவரம் செழித்த இடத்தில் சிறு உயிர்கள் கூடும். அவற்றைத் தேடி மீன்கள் வரும். குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் சந்திக்கும் எல்லைகளிலும் மீன்கள் திரள்வதுண்டு. செயற்கைக் கோள்கள் அளித்த நிறத்தையும் வெப்பநிலையையும் ஒப்புநோக்கி, ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. எந்தத் துறையிலிருந்து எத்திசையில், எவ்வளவு தொலைவில், எவ்வளவு ஆழத்தில் என்பதெல்லாம் அதில் இருக்கும். தமிழக மீனவர்களுக்கும் இச்சேவை உண்டு.

மீனைத் தேடிக் கடலில் அலையும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சமாகும்; ஒரு குடும்பத்தின் கடன்சுமையும் குறையும். மீன்பிடித் தடைக்காலத்திலும் கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் இவ்வறிவிப்பு வெளியாவதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

குடிநீருக்கு எச்சரிக்கை

2014 ஆகஸ்ட் 2 அன்று, அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களுக்குக் "குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்" என்று அறிவிக்கப்பட்டது. அந்நகருக்கு நீர் தரும் ஈரி ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி, அதன் நஞ்சு குடிநீரில் கலந்திருந்தது. வயல்களிலிருந்து ஆற்று வழியே வந்த உரச்சத்தே பாசி பெருகியதற்கு முக்கியக் காரணம். இல்லத்தரசிகள் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும்: இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் நீங்காது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும். இன்று அவ்வேரியில் பாசி எங்கே படர்ந்திருக்கிறது, காற்றும் நீரோட்டமும் அதை எப்பக்கம் தள்ளும் என்பதைச் செயற்கைக் கோள் படங்களின் துணையோடு முன்கூட்டியே தெரிவிக்கிறார்கள்.

நீரின் தரத்தை மட்டுமன்றி, அதன் பரப்பையும் இவை காட்டுகின்றன. 2019ஆம் ஆண்டு கோடையில் சென்னை தாகத்தால் தவித்தபோது, முந்தைய ஆண்டில் நீர் நிறைந்திருந்த புழல் ஏரி வறண்டு கிடந்ததை இரு படங்களை அருகருகே வைத்து உலகமே பார்த்தது.

எல்லையும் உண்டு

வானிலிருந்து எல்லாவற்றையும் அறிந்துவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. மேகம் சூழ்ந்தால் நிறம் காணும் கருவிக்குக் கண் மறைந்துவிடும். ரேடார் கருவி மேகத்தை ஊடுருவி வெள்ளம் பரவிய பகுதியைக் காட்டுமேயன்றி நீரின் நிறத்தைக் காட்டாது. காலராக் கிருமியையோ நீரில் கரைந்த ஆர்சனிக்கையோ செயற்கைக் கோள் நேரில் காண இயலாது. நீரை மொண்டு ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் பணிக்கு மாற்று ஏதுமில்லை. எங்கே சென்று மொள்ள வேண்டும் என்பதை வானத்துக் கண் சுட்டிக்காட்டும், அவ்வளவே.

எனவே, கடலோர ஊர்களில் வாழும் வாசகர்கள் தம் பகுதி மீனவர்களுக்கு இந்த இலவச அறிவிப்பைப் பற்றி எடுத்துரையுங்கள். ஏரி, குளங்களை அடுத்து வாழ்வோர் நீரின் நிறம் மாறக் கண்டால் உடனே உரியவர்களிடம் தெரிவியுங்கள். விண்ணிலிருந்து வரும் செய்தி எத்துணைச் சிறந்ததாயினும், மண்ணில் உள்ளவர்கள் அதைக் காலத்தே கேட்டுச் செயற்பட்டால்தான் பயன் தரும்.