மென்பொருளை ஆக்கும் பொறிகள்

கணிப்பொறிக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. ஒன்று, சுழி என்னும் இரண்டே இலக்கங்களால் ஆன நீண்ட வரிசைதான் அதற்குப் புரியும் கட்டளை. மனிதர் அத்தகைய வரிசையைப் படித்துப் பொருள் காண்பது மிக அரிது. ஆகவே நிரல் எழுதுவோர், தாமும் தம் போன்ற பிறரும் படித்தறியத்தக்க ஒரு மொழியில் அதனை எழுதுகின்றனர். அங்ஙனம் எழுதப்பெற்றது மூலநிரல். அதனைப் பொறிக்கு உகந்த இலக்க வரிசையாக மாற்றித் தருவது கம்பைலர் என்னும் வேறொரு நிரல். மாற்றி முடித்த கோப்புகளையும், அவற்றை எங்கே வைக்க வேண்டும், அவை இயங்குவதற்கு வேறு எவை துணை வேண்டும் என்னும் குறிப்புகளையும் ஒன்றாகக் கட்டினால் அது பொதி எனப்படும். நம் கணிப்பொறிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இப்பொதியே.

மூலநிரலுக்கும் பொதிக்கும் உள்ள உறவு, நெல்லுக்கும் அரிசிக்கும் உள்ள உறவைப் போன்றது. நெல்லைக் குற்றி அரிசியாக்கலாம். அரிசியை மீண்டும் நெல்லாக்க ஒருவராலும் இயலாது. உண்பவர் காண்பது அரிசியை மட்டுமே. அந்த அரிசி இன்ன நெல்லிலிருந்துதான் வந்தது என்பதற்கு அவரிடம் என்ன சான்று உண்டு? மூலநிரலைப் பொதியாக்கும் வேலையை மனிதர் பொறிகளிடமே ஒப்படைத்த வரலாற்றை இன்று எடுத்துக்கொண்டிருக்கிறோம். உழைப்பைக் குறைப்பதற்காகத் தொடங்கிய அம்முயற்சி, நாளடைவில் இந்தச் சான்றைத் தேடும் முயற்சியாக வளர்ந்துவிட்டது. நேயர்கள் அதைத்தான் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெரிய மென்பொருள் எதுவும் ஒரே கோப்பில் அடங்குவதில்லை. நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான கோப்புகளில் அது பரந்து கிடக்கும். ஒன்றைத் திருத்தினால் அதனைச் சார்ந்த மற்றவற்றையும் மீண்டும் கம்பைலரிடம் கொடுத்தாக வேண்டும். சாராதவற்றைத் தொட வேண்டியதில்லை. எது எதனைச் சார்ந்தது என்பதை மனிதர் தம் நினைவிலேயே வைத்துக்கொண்டிருந்த காலத்தில் நேர்ந்த தொல்லைகள் பல. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஸ்டீவ் ஜான்சன் ஒரு நாள் தம் நண்பர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனின் அறைக்குள் பெருஞ்சினத்துடன் நுழைந்தாராம். பிழையே இல்லாத ஒரு நிரலில் பிழை தேடி அவருடைய காலைப்பொழுது முழுவதும் வீணாகியிருந்தது. பிழையை அவர் முன்னரே திருத்திவிட்டார். திருத்திய கோப்பைக் கம்பைலரிடம் கொடுக்கத்தான் மறந்துவிட்டார். ஃபெல்ட்மனும் முந்தைய மாலையில் அதே தொல்லையில் உழன்றவர். 1976ஆம் ஆண்டில் அவர் ஆக்கிய 'மேக்' என்னும் கருவி இவ்வாறு பிறந்தது.

மேக் செய்யும் வேலை எளியது. இன்ன கோப்பு இன்னவற்றைச் சார்ந்தது, அதனை ஆக்கும் முறை இது என்று ஒரு விதிக்கோப்பில் எழுதி வைத்துவிட வேண்டும். கருவியானது ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். மூலம், அதிலிருந்து ஆக்கப்பட்டதைவிடப் புதியதாயிருந்தால் மீண்டும் ஆக்கும். இல்லாவிடில் சும்மா இருக்கும். இந்த விதிக்கோப்பில் கட்டளை வரி ஒவ்வொன்றும் 'டேப்' என்னும் விசையால் உண்டாகும் இடைவெளியுடன் தொடங்க வேண்டும் என்றொரு விந்தையான ஏற்பாடு உண்டு. சாதாரண இடைவெளி இட்டால் கருவி ஏற்காது. கண்ணுக்கோ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். இக்குறையை ஃபெல்ட்மன் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். ஆயினும் அதற்குள் ஏறத்தாழ ஒரு டஜன் பேர் கருவியைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தமையால் அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிருவர்மீது காட்டிய பரிவுக்கு, உலகெங்கும் உள்ள நிரலாளர் அரை நூற்றாண்டாக விலை கொடுத்து வருகின்றனர்.

ஒருவர் ஒரு மென்பொருளை ஆக்குவதற்கு மேக் போதும். ஓர் இயங்குதளம் முழுவதையும் ஆக்குவது வேறு வகையான வேலை. 1993ஆம் ஆண்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் என்னும் லினக்ஸ் வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். தன்னார்வலர் பலர் கூடி நடத்தும் திட்டம் அது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பில் ஏறத்தாழ 70,000 பொதிகள் உள்ளன. 7 வகைச் செயலிக் கட்டமைப்புகளுக்கு அது கிடைக்கிறது. ஒருவகைச் செயலிக்கு ஆக்கிய பொதி மற்றொரு வகைக்குப் பயன்படாது. கைப்பேசிகளில் உள்ளவை போன்ற செயலிகளுக்கு ஒன்று, பெரிய வங்கிகள் வைத்திருக்கும் மாபெருங் கணிப்பொறிகளுக்கு ஒன்று எனத் தனித்தனியே ஆக்கியாக வேண்டும். ஒரு பொதியைப் பேணும் தன்னார்வலரின் வீட்டில் இத்தனை வகைப் பொறிகளும் இருக்குமா? இருக்கா. ஆகவே டெபியன் திட்டத்தார் ஆக்கும் வேலைக்கென்றே தனிக் கணிப்பொறிகளை அமர்த்தினர்.

அக்கணிப்பொறிகள் வேலை செய்யும் விதத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். பேணுபவர் மூலநிரலையும் அதனுடன் சில குறிப்புக் கோப்புகளையும் தம் மின்னொப்பமிட்டு அனுப்புகிறார். இன்ன பொதி இன்ன செயலி வகைக்கு இன்னும் ஆக்கப்படவில்லை என்னும் கணக்கை ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஆக்கும் கணிப்பொறி அக்கணக்கைப் பார்த்துத் தனக்குரிய வேலையை எடுத்துக்கொள்கிறது. உடனே கம்பைலரை அழைத்துவிடுவதில்லை. முதலில் தன்னுள்ளேயே ஒரு வெற்றறையை அமைக்கிறது. இயங்குதளத்தின் மிகக் குறைந்த அடிப்படைக் கருவிகளைத் தவிர அவ்வறையில் ஒன்றும் இராது. 'இம்மென்பொருளை ஆக்க இவையிவை வேண்டும்' என்று பேணுபவர் தம் குறிப்பில் எழுதியவற்றை மட்டும் அதனுள் கொணர்கிறது. அதன் பிறகே ஆக்கும் வேலை தொடங்கும். வேலை நடக்கும்போது மென்பொருள் இணையத்திலிருந்து எதையும் இறக்கிக்கொள்ள முயலக்கூடாது என்பது டெபியனின் கொள்கை. நடந்தவை அனைத்தும் வரிவரியாகப் பதிவு செய்யப்படும். அப்பதிவை எவரும் படிக்கலாம். முடிந்ததும் அறை கலைக்கப்படும்.

வெற்றறை எதற்கு என்று கேட்கலாம். நிரலாளரின் சொந்தக் கணிப்பொறி, பல ஆண்டுகள் புழங்கிய சமையலறை போன்றது. அங்கே எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே மறந்து போயிருக்கும். சமையல் குறிப்பில் பெருங்காயம் எழுதப்படாவிட்டாலும், கை தானாகவே எடுத்துப் போட்டுவிடும். உணவும் நன்றாகவே இருக்கும். அதே குறிப்பை வைத்து வேறொருவர் சமைத்தால்தான் விடுபட்டது தெரியவரும். வெற்றறையில் எழுதாத பொருள் கிடைக்காது. கிடைக்காதபோது வேலை நின்றுவிடும். நின்ற செய்தி பேணுபவருக்குத் தெரியவரும். நின்றுபோவது இங்கே நன்மையே.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் நெடுங்காலம் ஒரு வழக்கம் நீடித்தது. பேணுபவர் மூலநிரலோடு, தம் கணிப்பொறியில் தாமே ஆக்கிய பொதியையும் சேர்த்து அனுப்பலாம். அது அப்படியே மக்களுக்குப் போகும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருடைய கணிப்பொறியில் அவர் அறியாமல் வேறொருவர் புகுந்திருந்தால்? 2019ஆம் ஆண்டில் அந்த வழியை டெபியன் அடைத்தது. திட்டத்தின் கணிப்பொறிகளில் ஆக்கப்படாத பொதி, அடுத்த வெளியீட்டுக்கான தொகுப்பில் இடம் பெறாது என விதித்தது.

அப்படியாயின், திட்டத்தின் கணிப்பொறியை மட்டும் எப்படி நம்புவது? அதிலுள்ள கம்பைலரை எப்படி நம்புவது? இவ்வினாவை எழுப்பி உலகை உறங்கவிடாமல் செய்தவர், யுனிக்ஸ் இயங்குதளத்தை ஆக்கியோருள் ஒருவரான கென் தாம்சன். டூரிங் பரிசு பெற்றபோது அவர் ஆற்றிய உரை 1984ஆம் ஆண்டில் அச்சில் வந்தது. கம்பைலரிலேயே ஒரு சூதை வைக்கலாம் என்று அவர் காட்டினார். நுழைவுச் சொல்லைச் சரிபார்க்கும் நிரலை மாற்றும்போது அக்கம்பைலர் ஒரு கள்ளவழியை உள்ளே வைத்துவிடும். கம்பைலரின் மூலநிரலையே மாற்றும்போது, இந்தச் சூதைப் புதிய கம்பைலருக்குள்ளும் புகுத்திவிடும். அதன் பிறகு மூலநிரலிலிருந்து சூதை அழித்துவிடலாம். படிப்பவர் எத்தனை முறை படித்தாலும் மூலத்தில் குற்றம் காணார். ஆக்கப்பட்டதிலோ குற்றம் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

இதற்கு முழு மருந்து இல்லாவிடினும், பக்குவமான ஒரு வழி உண்டு. ஒரே மூலத்தை ஒருவரையொருவர் அறியாத பலர், தத்தம் கணிப்பொறிகளில் ஆக்கிப் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் ஓர் இலக்கமும் மாறாமல் ஒரே பொதி கிடைத்தால், இடையில் ஒருவர் சூது செய்திருப்பது கடினம். சொல்வதற்கு எளிது, 2013ஆம் ஆண்டில் டெபியனில் சிலர் இதில் முனைந்து இறங்கியபோதுதான் இது எவ்வளவு அரிது என்பது தெரிந்தது. ஒரே மூலத்தை இரு முறை ஆக்கினால் இரு வேறு பொதிகள் வந்தன. சூது ஏதும் இல்லை, சில்லறைக் காரணங்கள்தாம். ஆக்கிய நாளையும் நேரத்தையும் நிரல்கள் தம்முள் எழுதிக்கொண்டன. சில, ஆக்கிய கணிப்பொறியின் பெயரை எழுதிக்கொண்டன. கோப்புகளை வட்டு எந்த வரிசையில் தருகிறதோ அந்த வரிசையிலேயே கட்டின சில. இவற்றை ஒவ்வொன்றாகக் களைய வேண்டியிருந்தது. நேரத்தின் தொல்லைக்கு 2015இல் ஒரு வழி வகுத்தனர். நிரல் தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது. மூலம் கடைசியாகத் திருத்தப்பட்ட நாளையே 'இன்று' எனக் கொள்ள வேண்டும். சோதனைக்காக ஒவ்வொரு பொதியையும் இரு முறை ஆக்கினர். இரண்டாம் முறை கணிப்பொறியின் கடிகாரத்தை ஓராண்டுக்கும் மேலாக முன்னே தள்ளி வைத்தனர். பெயர், மொழி அமைப்பு, நேர மண்டலம் அனைத்தையும் மாற்றினர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இத்துறையில் செல்லாது. சோறு ஒவ்வொன்றையும் நசுக்கித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

தாம்சனின் வினாவுக்கு மறுபக்கத்திலிருந்தும் விடை தேடுவோர் உள்ளனர். கம்பைலரை ஆக்க ஒரு கம்பைலர், அதனை ஆக்க மற்றொன்று எனப் பின்னோக்கிச் சென்றால் முதல் விதை எது? குய்க்ஸ் என்னும் திட்டத்தார் 2023இல், 357 பைட்டு மட்டுமே கொண்ட ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக முழுக் கம்பைலரையும் மூலத்திலிருந்தே ஆக்கிக் காட்டினர். அந்த 357 பைட்டுகளை ஒருவர் தாளில் எழுதி, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிடலாம்.

இனி 2024ஆம் ஆண்டின் நிகழ்ச்சிக்கு வருவோம். எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கி அடக்கும் ஒரு சிறு மென்பொருள். உலகின் லினக்ஸ் கணிப்பொறிகளில் அது இல்லாத இடமில்லை. அதனைப் பேணியவரோ நெடுங்காலம் ஏறக்குறைய ஒரே ஒருவர். அவருக்கு உதவ முன்வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேல் நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்று, வெளியீடுகளை விடுக்கும் உரிமையையும் பெற்றார். அவர் பயன்படுத்திய பெயர் புனைபெயர் என்றே கருதப்படுகிறது. 5.6.0, 5.6.1 என்னும் இரு வெளியீடுகளில் அவர் நஞ்சை வைத்தார். வைத்த இடந்தான் நம் பொருளுக்கு உரியது. நஞ்சின் பெரும்பகுதி, சோதனைக்கென வைத்த பழுதான சுருக்கக் கோப்புகள் போன்ற தோற்றத்தில் யாவரும் காணும் களஞ்சியத்திலேயே கிடந்தது. அதனை எடுத்துப் பிரித்துச் சேர்க்கும் சில வரிகள் மட்டும் களஞ்சியத்தில் இல்லை. மென்பொருளை ஆக்குவதற்கான துணைக்கோப்பு ஒன்றில், வெளியீட்டுக் கட்டில் மட்டும் இருந்தன. வெளியீட்டுக் கட்டில், களஞ்சியத்தில் இல்லாத துணைக்கோப்புகள் சில இருப்பது நெடுநாள் வழக்கம். ஆகவே ஒருவரும் ஐயுறவில்லை. அவ்வரிகளோ, தாம் இயங்குவது டெபியன் போன்ற வெளியீட்டுக்குப் பொதி ஆக்கும் இடந்தானா என்று முதலில் பார்த்துக்கொண்டன. மற்ற இடங்களில் வாளாவிருந்தன. நோக்கம், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் என்னும் வாயிலில் ஒரு கள்ளவழி திறப்பது.

ஆக்கும் பொறிகள் தம் கடமையைப் பழுதறச் செய்தன. வெற்றறை அமைத்தன, கேட்டவற்றைக் கொணர்ந்தன, கொடுத்த மூலத்தைக் கொடுத்தபடியே பொதியாக்கின. நூறு பேர் ஆக்கியிருந்தாலும் நூறு பொதிகளும் ஒன்றாகவே, நஞ்சும் ஒன்றாகவே இருந்திருக்கும். நெல்லிலிருந்து அரிசி வரையுள்ள பாதைக்கு இப்பொறிகள் சான்று கூறும். நெல்லின் குணத்துக்கு அவை பொறுப்பல்ல. இதை மறந்து, 'தானியங்கி ஆக்கியது, ஆகவே தூயது' என்று எண்ணுவோர் இன்றும் பலர்.

கண்டுபிடித்தது ஒரு மனிதரின் கவனம். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்னும் தரவுத்தள நிரலாளர், வேறொரு சோதனைக்காகத் தம் கணிப்பொறியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்எச் நுழைவுக்கு அரை வினாடி கூடுதலாகச் செலவாவதைக் கண்டு, ஏன் என்று தேடிச் சென்றார். அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் நஞ்சு நுழையவில்லை; சோதனைத் தொகுப்புகளில் நுழைந்திருந்தது. என்னென்ன கெட்டிருக்கலாம் என்று ஆராய்வதற்காக, ஏப்ரலில் வரவிருந்த 12.6 என்னும் திருத்த வெளியீட்டை டெபியன் ஒத்திவைத்தது. வெளியீட்டுக் கட்டை விட்டு, வரலாறு பதிந்துள்ள களஞ்சியத்திலிருந்தே நேராக ஆக்க வேண்டும் என்னும் குரலும் அதன்பின் ஓங்கியது.

உடனடியாகச் செய்ய வேண்டியிருந்தது பழைய 5.4.5ஆம் வெளியீட்டுக்குத் திரும்புவது. ஆனால் பொதிக் கருவிகள் எண் ஏறுவதையே புதுமை எனக் கொள்ளும், 5.6.1 இருக்கும் கணிப்பொறியில் 5.4.5ஐத் தாமாக நிறுவா. எனவே பேணுவோர் அப்பொதிக்கு '5.6.1+ரியலி5.4.5' என்று பெயரிட்டனர். 'உண்மையில்' என்று பொருள்படும் அந்த நடுச்சொல், படிக்கும் மனிதருக்காக இட்டது. பொறிகளோ அப்பெயரை 5.6.1ஐவிடப் புதியது எனக் கொண்டு மறுப்பின்றி ஏற்றுக்கொண்டன.