பீரோவில் தூங்கும் கேமராவை விற்கப் போகிறீர்களா? நல்ல விலையும் கிடைக்கணும்... ஏமாறவும் கூடாது!

குழந்தை பிறந்தபோது ஆசை ஆசையாக வாங்கிய டி.எஸ்.எல்.ஆர் கேமரா. மொட்டையடித்துக் காது குத்தியது, முதல் பிறந்தநாள், ஒரு ஊட்டிப் பயணம்... அவ்வளவுதான். அதற்குப் பிறகு செல்போனே போதும் என்றாகிவிட, கேமரா பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விட்டது. இப்போது அந்தக் குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். ‘சும்மா கிடக்கிற அந்த கேமராவை வித்தா என்ன?’ என்ற பேச்சு எழாத வீடு குறைவு.

கடைக்குக் கொண்டுபோனால் சொல்கிற விலையைக் கேட்டு முகம் சுருங்கிவிடும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. வாங்கி வைத்து, துடைத்து, ஆள் வரும்வரை காத்திருந்து விற்க வேண்டியது அவர்தான். அந்த லாபத்தை விட்டுக்கொடுக்காமல் நேரடியாக ஆன்லைனில் விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால், முகம் தெரியாதவரிடம் பழைய கேமரா வாங்கும் ஆளுக்கு ஏகப்பட்ட பயம் இருக்கும். உள்ளே ஏதாவது ரிப்பேரா, திருட்டுப் பொருளா, லென்ஸ் போய்விட்டதா? அந்தப் பயத்துக்குத்தான் அவர் விலையைக் குறைத்துக் கேட்கிறார். ஆதாரம் காட்டிப் பயத்தைப் போக்கினால், விலை தானாக நிற்கும்.

டார்ச் அடித்துப் பாருங்கள்

விளம்பரம் போடும் முன் லென்ஸைக் கழற்றி, இரண்டு பக்க மூடியையும் எடுத்துவிட்டு, ஒரு முனையில் செல்போன் டார்ச்சை அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். நான்கைந்து தூசித் துகள்கள் தெரிந்தால் கவலை வேண்டாம், அது எல்லா லென்ஸிலும் உண்டு. சிலந்தி வலை போல மெல்லிய இழைகளோ, வெள்ளைத் திட்டுகளோ தெரிந்தால் அது பூஞ்சை. கேமரா வியாபாரத்தில் எல்லோரும் ‘ஃபங்கஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

நம் ஊரின் புழுக்கத்துக்கு இது சர்வசாதாரணம். அதிலும் சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். கேமராவைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து, அதன் பையிலேயே போட்டு ஜிப்பை மூடி இருட்டில் வைத்துவிடுகிறோம். பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காற்றும் வெளிச்சமும் இல்லாத ஈரமான இடம்தானே பூஞ்சைக்கு வேண்டும்!

ஆரம்ப நிலையில் இருந்தால் லென்ஸ் சர்வீஸ் செய்பவர்கள் பிரித்துச் சுத்தம் செய்து கொடுப்பார்கள். நாளாகிவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அது அரித்துவிடும். பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். கேமராவுடன் இலவச இணைப்புபோல வந்த 18-55 லென்ஸ் என்றால், சர்வீஸ் செலவு லென்ஸின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். அப்போது ‘ஃபங்கஸ் இருக்கிறது’ என்று விளம்பரத்திலேயே எழுதிவிட்டு, அதற்கேற்ற விலை வைப்பதே நல்லது. மறைத்தால், நேரில் வருபவரும் டார்ச்சோடுதான் வருவார்.

பூஞ்சை இல்லை என்றால், விற்கும்வரை அப்படியே காப்பாற்றுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிகா ஜெல் பாக்கெட்டுகள் போதும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவிகிதம் இருப்பது லென்ஸுக்கு ஏற்றது. செல்போன் நனைந்தால் அரிசிக்குள் புதைக்கும் வைத்தியத்தை இதற்குச் செய்ய வேண்டாம். அரிசி மாவுத்தூள் லென்ஸுக்குள் போய்விடும்.

எத்தனை க்ளிக்?

பழைய பைக் வாங்கும்போது ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்பதுபோல, கேமராவுக்கு ‘ஷட்டர் கவுன்ட்’. இதுவரை எத்தனை முறை க்ளிக் செய்யப்பட்டது என்ற கணக்கு. நிக்கான் டி3500 மாடலின் ஷட்டர் 1,00,000 க்ளிக்குகளுக்குச் சோதிக்கப்பட்டது. டி750-க்கு அது 1,50,000. டி850-க்கு 2,00,000. கல்யாண வீடுகளில் உழைக்கும் கேமரா சில வருடங்களிலேயே லட்சத்தைத் தொட்டுவிடும். குழந்தையை மட்டும் படமெடுத்த வீட்டு கேமரா சில ஆயிரங்களிலேயே நின்றிருக்கும். உங்கள் கேமராவின் பெரிய பலமே இதுதான். பலரும் இதை விளம்பரத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

நிக்கான் கேமராக்களில் இந்த எண் போட்டோ ஃபைலுக்குள்ளேயே பதிவாகும். புதிதாக ஒரு படம் எடுத்து, எடிட் செய்யாமல், கார்டிலிருந்து நேரடியாக எடுத்துப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் அந்த விவரம் தங்காது. கேனானில் பெரும்பாலான மாடல்களின் படத்துக்குள் இந்த எண் இருக்காது. கேபிளில் இணைத்து சாஃப்ட்வேர் மூலமோ, சர்வீஸ் சென்டரிலோ பார்க்க வேண்டும்.

எவ்வளவு கேட்கலாம்?

வாங்கிய பில்லை வைத்து விலையை முடிவு செய்வதுதான் பலரும் செய்யும் தவறு. டிஜிட்டல் கேமராவுக்கு 2018 இறுதிவரை ஜி.எஸ்.டி 28 சதவிகிதம். 2019 ஜனவரி 1 முதல் அது 18 ஆனது. 2018-ல் வாங்கியவர் கட்டிய கூடுதல் வரியை இன்று யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய மாற்றம், சந்தையே மிரர்லெஸ் கேமரா பக்கம் போய்விட்டது. 2018-ல் கேனான் ஆர்.எஃப் மவுன்ட்டையும் நிக்கான் இசட் மவுன்ட்டையும் கொண்டுவந்தபோதே டி.எஸ்.எல்.ஆரின் இறங்குமுகம் தெரிந்துவிட்டது. பாடியின் விலை வருடா வருடம் இறங்கும். நல்ல லென்ஸ் அவ்வளவு வேகமாக இறங்காது. கேனானின் பழைய இ.எஃப் லென்ஸை அடாப்டர் போட்டுப் புதிய மிரர்லெஸ் கேமராவிலும் ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம் என்பதும் ஒரு காரணம். எனவே 50 எம்.எம் எஃப் 1.8 போன்ற தனி லென்ஸ் இருந்தால், மொத்தமாக ஒரே விலைக்குத் தள்ளிவிடாமல் அதற்குத் தனி விளம்பரம் போட்டுப் பாருங்கள்.

விலை தெரிய எளிய வழி: உங்கள் ஊரில் அதே மாடலுக்கு இருக்கும் பத்து விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அப்படியே கிடப்பவை ஆசை விலைகள். காணாமல் போனவை பெரும்பாலும் கைமாறிய விலைகள். அதன்மேல் பேரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ‘லாஸ்ட் ப்ரைஸ் என்ன?’ என்பதுதான் பெரும்பாலும் முதல் மெசேஜாகவே வரும்!

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. அதனால் கேமரா வாங்கித் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முன்புதான் பரபரப்பாகத் தேடுவார்கள். அதற்காக இரண்டு மூன்று வாரம் காத்திருக்கலாம், வருடக்கணக்கில் அல்ல.

விளம்பரம் இப்படி இருக்கட்டும்: ‘கேனான் 1500டி, 18-55 லென்ஸுடன். 2019-ல் வாங்கியது, ஒரே கை. வீட்டு உபயோகம் மட்டும். ஷட்டர் கவுன்ட் இத்தனை. ஃபங்கஸ் இல்லை. அடிப்பக்கம் சிறு கீறல், படத்தில் உள்ளது. பில், பாக்ஸ், சார்ஜர் உண்டு. நேரில் சோதித்து வாங்கலாம்.’ படங்களை ஜன்னலோர வெளிச்சத்தில் நீங்களே எடுங்கள். கம்பெனி படத்தைப் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். சீரியல் நம்பரின் கடைசி எண்களை மட்டும் மறைத்துவிடுங்கள். அதைத் திருடி வேறொருவர் போலி விளம்பரம் போட்டுவிடக் கூடாது.

தாத்தாவின் யாஷிகா எம்.எஃப்-2, அக்ஃபா க்ளிக் 3 மாதிரி ஃபிலிம் கேமரா கையில் இருந்தால், அதைத் தேடும் சேகரிப்பாளர்களும் உண்டு. பின்கதவைத் திறக்கும் முன், உள்ளே ஃபிலிம் ரோல் இருக்கிறதா என்று சுருள் கைப்பிடியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். இறுக்கம் தெரிந்தால் திறக்காதீர்கள்.

பேரமே பேசாதவர் வந்தால் உஷார்!

விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடம் ஒரு போன். தான் ராணுவத்தில் இருப்பதாகவும் டிரான்ஸ்ஃபர் வந்துவிட்டதாகவும் சொல்வார். கேட்ட விலைக்கு அப்படியே சம்மதிப்பார். அடையாள அட்டையின் படம்கூட வரும். நம்பிக்கைக்காக முதலில் 5 ரூபாய் அனுப்புவார். அடுத்து ஒரு க்யூஆர் கோடு: ‘இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்.’

போட்டால் வராது, போகும். யு.பி.ஐ-யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. க்யூஆர் ஸ்கேன் செய்வதும் பணம் கொடுக்கத்தானே தவிர, வாங்க அல்ல. ஸ்கூல் ஃபீஸுக்காக விற்க வந்து, அக்கவுன்ட்டில் இருந்ததையும் இழப்பது இந்த ஒரு நொடியில்தான். வீட்டில் விளம்பரம் போட்டது மகனாக இருந்து, போனை எடுப்பது அம்மாவாக இருந்தால், அம்மாவிடம் இதை முன்பே சொல்லிவைப்பது அவசியம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு.

நிஜமான ஆள் நேரில் வருவார், தன் மெமரி கார்டைப் போட்டுச் சோதிப்பார், பேரமும் பேசுவார். பகல் நேரத்தில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், துணைக்கு ஒருவரோடு சந்தியுங்கள். தெரிந்த ஸ்டூடியோ என்றால் இன்னும் வசதி. பணம் அனுப்பியதாக அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையோ, எஸ்.எம்.எஸ்-ஸையோ நம்பாமல், உங்கள் பேங்க் ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகே கேமராவைக் கையில் கொடுங்கள். சீரியல் நம்பர், தொகை, தேதி, இருவர் பெயரும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பில்லை அவரிடம் கொடுத்துவிட்டு, அதன் படத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

மெமரி கார்டை மட்டும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அதற்காக விலை பெரிதாகக் கூடப்போவதில்லை. ஃபார்மேட் செய்த கார்டிலிருந்தும் படங்களை மீட்க சாஃப்ட்வேர்கள் உண்டு. சில மாடல்களில் மெனுவுக்குள் உரிமையாளர் பெயரைப் பதிந்து வைத்திருப்போம், அதையும் அழித்துவிடுங்கள். பாப்பாவின் முதல் பிறந்தநாள் வீடியோ செல்போனுக்கு மாறாமல் இன்னும் அந்த கார்டிலேயே இருக்கலாம். கேமராவை பேக் செய்யும் முன், கார்டை ஒருமுறை லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.