நீக்கிய பெயர் மீண்டும் தோன்றுவதேன்?

இறந்தவரின் பெயர் குடும்ப அட்டையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது என்று அலுவலகத்தில் கேட்டு வந்தவர், சின்னாட்களுக்குப் பின் அதே பெயர் மறுபடியும் பட்டியலில் இருக்கக் கண்டு திகைப்பதுண்டு. யாரோ வேண்டுமென்றே சேர்த்துவிட்டதாக ஊரில் சச்சரவும் எழும். கணவரை இழந்த பெண்ணுக்கோ உதவித்தொகை விசாரணை நீண்டுவிடக்கூடும். ஆதலின் இதற்கு ஏதுவாகக்கூடிய ஒரு காரணத்தை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நன்று.

பெரும் பதிவேடுகள் பலவற்றை இந்நாளில் ஒரே கணிப்பொறியில் வைப்பதில்லை. ஒன்று பழுதானாலும் வேலை நிற்கலாகாது என்பதற்காக, ஒரு பதிவின் பிரதிகளை வெவ்வேறு பொறிகளில் வைக்கிறார்கள். 2008-இல் பொதுப் பயனுக்கு வெளியிடப்பட்ட கசாண்டிரா என்னும் ஏற்பாடு இவ்வகையினது. அதில் ஒரு பெயரை நீக்கினால் அது உடனே அழிவதில்லை. 'இன்ன நேரத்தில் நீக்கப்பட்டது' என்ற குறி இடப்படுகிறது. அக்குறிக்குக் கல்லறைக்கல் என்றே பெயர்! வேறு விதமாக அமைக்காவிடில் அக்கல் 10 நாள் நிற்கும். அதன் பின்னர் இடத்தை மிச்சப்படுத்த அகற்றப்படும்.

இடையூறு இங்கேதான் பிறக்கிறது. தருவைகுளத்திலிருந்து தங்குகடலுக்குச் சென்ற விசைப்படகை எண்ணிப் பாருங்கள். ஊரில் ஒருவர் காலமாகிறார். ஆலய வாசலில் ஒட்டிய அறிவிப்பைப் 10 நாள் கழித்து எடுத்துவிடுகிறார்கள். 12-ஆம் நாள் கரை சேர்ந்தவர்கள் அவர் நலமாயிருப்பதாகவே நினைப்பர். மனிதர் கேட்டுத் திருத்திக்கொள்வர். பொறிக்கோ குறி போனபின் நினைவேது? பழுதுற்று ஒதுங்கியிருந்த பொறி திரும்பிவந்து பழைய பெயரைக் காட்டினால், தம்மிடம் விடுபட்ட பெயர் போலும் என்று மற்றவை அதனைப் பிரதி எடுத்துக்கொள்ளும்.

கடிகாரப் பிழையும் உண்டு. ஒரு பொறியின் கடிகாரம் முந்தி ஓடினால், அதில் முன்பு பதிந்த பெயர் பின்னர் வந்த நீக்கத்தைவிடப் புதியதாகக் கணிக்கப்பட்டு நிலைத்துவிடும்.

பரிகாரம் யாதெனில், முதலில் எல்லாப் பிரதிகளையும் ஒருங்கே கேட்டு, எது மாறுபடுகிறது என்று காணவேண்டும். கடிகாரங்களை ஒப்பிடவேண்டும். பிரதிகளை ஒத்திசைக்கும் வேலையை 10 நாளுக்குள் ஒருமுறை தவறாது முடிக்கவேண்டும். அதற்கு மேல் ஒதுங்கியிருந்த பொறியை அப்படியே சேர்க்காமல், வெறுமையாக்கி மற்றவற்றிலிருந்து நிரப்புவதே முறை. மீண்டும் மீண்டும் நீக்கிக்கொண்டேயிருப்பது வீண் வேலை என்பது நம் கருத்து.

அலுவலகங்களுக்கிடையிலும் இதுவே நிகழ்கிறது. இறப்பைக் கிராம நிர்வாக அலுவலரிடம் 21 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டத் திருத்தம், இறப்புப் பதிவுகளை வாக்காளர் பட்டியல், குடும்ப அட்டை முதலியவற்றுக்குப் பகிர வழி செய்கிறது. எனினும் சான்றிதழ் பெற்றவர்கள், வட்ட வழங்கல் அலுவலகத்திலும், படிவம் 7 வழியாக வாக்காளர் பதிவு அலுவலரிடமும், இறந்தவர் உதவித்தொகை பெற்றிருந்தால் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடமும் தனித்தனியே நகல் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைத் தேதியுடன் வைத்திருப்பார்களாக. பெயர் மறுபடி தோன்றினால், எந்தப் பிரதி செய்தி அறியவில்லை என்பதை அச்சீட்டுகளைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.